லிஸ்பன்: 1755-க்கு முன்னும் பின்னும்

லிஸ்பன் நகரில் எந்தப் பழைய கட்டடத்தின் முன் நின்றாலும், அது 1755-ஆம் ஆண்டுக்கு முந்தையதா பிந்தையதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கு விடை தெரிந்துவிட்டால், ஒரு தெரு ஏன் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடுகிறது, இன்னொன்று ஏன் பத்தடிக்கு ஒருமுறை வளைகிறது, ஒரு தேவாலயத்துக்கு ஏன் கூரை இல்லை, அரண்மனை ஏன் ஆற்றங்கரையை விட்டு மேட்டில் ஏறி நிற்கிறது என்பவையெல்லாம் விளங்கத் தொடங்கும். கட்டமைப்புப் பொறியியலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்நகரின் பெயர் கல்லூரிக் காலத்திலேயே அறிமுகமாகியிருந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களின் வரலாற்றை யார் எழுதினாலும் லிஸ்பனைத் தொடாமல் எழுத முடியாது. ஆகவே போர்ச்சுகல் செல்வதென்று முடிவானதும், மஞ்சள் டிராம் வண்டியையும் அங்குப் பேர்போன முட்டைக் கஸ்டர்ட் பலகாரத்தையும் என் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டு, நிலநடுக்கத்தின் தடங்களைப் பின்பற்றி நடப்பது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். இந்தப் பதிவும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

1755 நவம்பர் 1, கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா. காலை ஒன்பதரை மணி கடந்த வேளையில் தேவாலயங்கள் நிரம்பியிருந்தன. பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. அட்லாண்டிக் கடலடியில் தோன்றிய அதிர்வு நகரை அடைந்தபோது கல் கட்டடங்கள் மக்கள்மேல் சரிந்தன. தப்பியவர்களில் பலர் இடிபாடுகளிலிருந்து விலகித் தேஜோ ஆற்றங்கரையின் திறந்தவெளிக்கு ஓடினார்கள். அங்கே நீர் உள்வாங்கித் தரை தெரிவதைக் கண்டார்கள். சற்று நேரத்தில் ஆழிப்பேரலை ஆற்றின் முகத்துவாரம் வழியாக ஏறி வந்தது. பின்னர், சாய்ந்த மெழுகுவர்த்திகளிலும் அடுப்புகளிலும் பற்றிய தீ, நாட்கணக்கில் எரிந்து மிச்சமிருந்ததையும் விழுங்கியது. நகரில் மட்டும் 30,000 முதல் 50,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் நடந்ததை அறிந்த நமக்கு, நீர் உள்வாங்கிய கரையில் ஒரு திருநாள் கூட்டம் திகைத்து நின்ற காட்சியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கரைதான் இன்று பிராசா தோ கொமெர்சியோ எனப்படும் வணிகச் சதுக்கம். மூன்று பக்கமும் மஞ்சள் நிற வளைவு மண்டபங்கள் சூழ, நான்காவது பக்கம் ஆற்றை நோக்கித் திறந்திருக்கும் இந்த வெளி, ஐரோப்பாவின் மிக அழகிய சதுக்கங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் லிஸ்பன்வாசிகள் பலர் இதை இன்னமும் தெரெய்ரோ தோ பாசோ, அதாவது அரண்மனை முற்றம் என்றே குறிப்பிடுகிறார்கள். பக்கத்திலுள்ள மெட்ரோ நிலையத்துக்கும் அதுவே பெயர். அரண்மனைதான் இல்லை. இரண்டரை நூற்றாண்டுக் காலம் அரசர்கள் வாழ்ந்த ரிபெய்ரா அரண்மனை அன்று ஒரே நாளில் போயிற்று. அதனுடன் சுமார் 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும், திறந்து சில மாதங்களே ஆகியிருந்த இசை நாடக அரங்கும் அழிந்தன. அரச குடும்பம் தப்பியது தற்செயல்தான். காலைத் திருப்பலி முடித்து, நகருக்கு மேற்கே பெலேமில் அன்று இருந்தார்கள்.

சதுக்கத்தின் நடுவே குதிரைமேல் வீற்றிருப்பவர் அப்போதைய அரசர் முதலாம் ஜோசே. மச்சாடோ தெ காஸ்த்ரோ வடித்த இந்த வெண்கலச் சிலை 1775-இல் திறக்கப்பட்டது. குதிரையின் காலடியில் பாம்புகள் நசுங்குகின்றன. சிலையைச் சுற்றிவந்து பீடத்தின் முகப்பைப் பார்த்தால் ஒரு வட்டப் பதக்கத்தில் இன்னொருவரின் முகம் இருக்கும். உண்மையில் நகரைத் திரும்பக் கட்டியவர் அவர்தான். செபஸ்தியாவோ ஜோசே தெ கார்வால்யோ இ மேலோ என்ற நீண்ட பெயருடைய அந்த அமைச்சரை, பின்னாளில் பெற்ற பட்டத்தால் பொம்பால் என்று உலகம் அறியும். 1777-இல் அரசர் இறந்ததும் பொம்பால் பதவியிழந்தார். அந்தப் பதக்கமும் பெயர்த்து எடுக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில்தான் அது பழைய இடத்துக்குத் திரும்பியது.

பேரிடர் நிர்வாகம் என்ற துறைக்குப் பெயர் வைக்கப்படாத காலத்தில் பொம்பால் எடுத்த நடவடிக்கைகள் இன்றைய மாவட்ட ஆட்சியர் ஒருவருக்கும் பரிச்சயமாகத் தோன்றும். சடலங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் மூழ்கடிக்கத் திருச்சபைத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றார்; தானியத்தின் விலை ஏறாமல் ஆணையிட்டார்; கொள்ளையரை அச்சுறுத்த உயரமான இடங்களில் தூக்குமரங்களை நட்டார். நாட்டின் எல்லாப் பங்குக் குருமார்களுக்கும் 13 கேள்விகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்று போயிற்று: அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியது, கடல் முதலில் உயர்ந்ததா தாழ்ந்ததா, தரையில் பிளவுகள் உண்டா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று அது வினவியது. ஐரோப்பாவெங்கும் பாதிரியார்களும் தத்துவவாதிகளும் இது இறைவனின் தண்டனையா என்று வாதிட்டுக்கொண்டிருந்தபோது, தண்டனை எத்தனை நிமிடம் நீடித்தது என்று கேட்ட அந்த வினாப்பட்டியலைத்தான் நவீன நிலநடுக்கவியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கருதுகிறார்கள்.

சதுக்கத்திலிருந்து வளைவு வாயிலைக் கடந்தால் பைஷா எனப்படும் தாழ்நகரம். வாயில் மட்டும் 1870-களில்தான் முடிந்தது. அதற்கப்பால் உள்ளவை பொம்பாலின் பொறியாளர்களுடையவை. தலைமைப் பொறியாளர் மனுவேல் தா மயாவுக்கு அப்போது 78 வயது. அரசு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளரும் அவரே. காப்பகம் இருந்த கோட்டைக் கோபுரம் இடிந்தபோது, ஏடுகளை இடிபாடுகளிலிருந்து மீட்டுக் காத்தது அவர் செய்த முதல் வேலை. அடுத்த மாதமே நகரை என்ன செய்யலாம் என்று ஓர் ஆய்வுரையை எழுதத் தொடங்கினார். இருந்தபடியே கட்டுவதா, தெருக்களை மட்டும் அகலப்படுத்துவதா, மிச்சத்தையும் இடித்துவிட்டுப் புதிய வரைபடத்தின்படி கட்டுவதா, அல்லது இந்த இடத்தையே கைவிட்டுப் பெலேம் பக்கம் புதுநகரம் எழுப்புவதா என்று ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் அதில் எடைபோட்டார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மர்தெல் ஆகிய இருவரும் அதற்கு உருவம் கொடுத்தார்கள்.

இன்று பைஷாவில் நடக்கும் சுற்றுலாப் பயணிக்கு அது கடைத்தெருவாகத்தான் தெரியும். கட்டங்கட்டமாக வெட்டிக்கொள்ளும் தெருக்கள், ஒரே உயரத்தில் ஒரே மாதிரிச் சன்னல்கள், வெள்ளித் தெரு, பொன் தெரு, செருப்புத் தைப்போர் தெரு என்று தொழில்களைச் சுமந்த பெயர்கள். அலங்காரம் குறைவென்பதால் இதைச் சலிப்பூட்டும் பகுதி என்று சில வழிகாட்டி நூல்கள் ஒதுக்கிவிடுகின்றன. எனக்கோ நகரிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். சன்னல் சட்டங்களும் கதவுகளும் மரத்துண்டுகளும் அளவு பிசகாமல் முன்கூட்டியே செய்துவைக்கப்பட்டுக் களத்தில் பொருத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கூடாரங்களில் காத்திருந்த ஊரில் விரைவும் சிக்கனமும்தான் அழகு. இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள சுவர் கூரைக்கு மேலும் சற்று உயர்ந்து நிற்பதை மேட்டிலிருந்து பார்த்தால் காணலாம். ஒரு வீட்டில் பற்றிய தீ கூரைவழியாக அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்க வைத்த தடுப்பு அது.

கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் பெரிய விஷயம். தரைத்தளம் கல் தூண்களும் வளைவுகளும் கொண்டது. அதற்குமேல் ஒவ்வொரு தளத்தின் உட்சுவர்களுக்குள்ளும் ஒரு மரச்சட்டகம் மறைந்திருக்கிறது. கையோலா, அதாவது கூண்டு, என்று அதற்குப் பெயர். நிமிர்ந்த சட்டங்களையும் கிடைச் சட்டங்களையும் பூட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறிபோல் இரண்டு குறுக்குச் சட்டங்களை அடித்து, இடைவெளிகளைச் செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் நிரப்பியிருக்கிறார்கள். காற்றுக்குப் பந்தல் சாயாமலிருக்க நம்மூர்ப் பந்தல்காரர் மூலைவாட்டில் ஒரு மூங்கிலைக் கட்டுகிறாரே, அந்த அறிவேதான். செங்குத்தான பாரத்தைக் கல் சுமக்கும், பக்கவாட்டில் வரும் உதைப்பை முக்கோணமே சுமக்க வேண்டும். மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் படைவீரர்களைத் தாளம்தப்பாமல் நடக்கவைத்து அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு நகரப் பகுதி முழுவதையும் நிலநடுக்கத்தை மனத்தில் வைத்தே ஒரே முறையில் கட்டியது ஐரோப்பாவில் இதுவே முதல்முறை. பின்வந்த உரிமையாளர்கள் மேலே தளங்களைக் கூட்டியதும், கடைமுகப்புக்காகவும் மின்தூக்கிக்காகவும் உட்சுவர்களை வெட்டியதும் பல கூண்டுகளைப் பலவீனப்படுத்தியிருக்கின்றன. சுவரை இடிக்கும் ஒப்பந்ததாரர் உள்ளே மரம் இருப்பதைக் கண்டு என்ன நினைத்திருப்பாரோ என்ற எண்ணம், அழகாகப் புதுப்பிக்கப்பட்ட விடுதிகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வந்தது.

தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புவோர் தோஸ் கொர்ரியெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குச் செல்லலாம். கட்டட வேலையின்போது வெளிப்பட்டவற்றை வங்கியே சிறு தொல்லியல் காட்சியகமாக வைத்திருக்கிறது. வழிகாட்டியுடன் குழுவாகத்தான் இறங்க முடியும். ரோமானியர்கள் மீனை உப்பிட்டுப் பதப்படுத்திய தொட்டிகள் அங்கு வரிசையாக உள்ளன. அவற்றுக்கு அருகிலேயே பொம்பால் காலத்துப் பைன் மரக் கழிகள் ஈரமண்ணில் இறங்கி நிற்கின்றன. பைஷா முன்பு ஆற்றின் கிளையொன்று பாய்ந்த சதுப்பு நிலம். ஆகையால் குட்டையான மரக்கழிகளை நெருக்கமாக அடித்து, அவற்றின்மேல் அடித்தளத்தை அமர்த்தினார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை இந்த மரம் அழுகாது, நிலத்தடி நீர் இறங்கிவிட்டால்தான் ஆபத்து என்று எங்களுடன் வந்த வழிகாட்டிப் பெண் விளக்கினார். இந்த மண் எவ்வளவு தொல்லை கொடுக்கக்கூடியது என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் தெரெய்ரோ தோ பாசோ மெட்ரோச் சுரங்கத்துக்குள் நீரும் மண்ணும் புகுந்துவிட, அந்த நிலையம் 2007 இறுதியில்தான் திறக்கப்பட்டது.

பைஷாவிலிருந்து கார்மோ மேட்டுக்கு ஏறச் சாந்தா ஜுஸ்தா என்ற இரும்பு மின்தூக்கி இருக்கிறது. 1902-இல் திறக்கப்பட்ட அது 45 மீட்டர் உயரமுள்ளது, பார்க்க அழகானது. ஆனால் அதன் வரிசையில் நிற்கும் நேரத்தில் பின்புறப் படிகளில் ஏறி மேலே ஒரு காப்பியும் குடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மேலே கார்மோ மடாலயத் தேவாலயம் கூரையின்றி நிற்கிறது. படைத்தலைவர் நூனோ ஆல்வரெஸ் பெரெய்ரா 1389-இல் நிறுவிய இது லிஸ்பனின் மிகப்பெரிய கோதிக் தேவாலயமாக இருந்தது. நடுக்கூடத்தின் கூர்வளைவுகள் விலா எலும்புகளாக நிற்க, அவற்றினூடே வானம் தெரிகிறது, கீழே புல்தரை. இதை நிலநடுக்கம் விட்டுச்சென்றபடியே இருக்கும் இடிபாடு என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை முழுமையாக நம்ப வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திரும்பக் கட்டத் தொடங்கித் தூண்களையும் வளைவுகளையும் ஓரளவு எழுப்பினார்கள். 1834-இல் நாட்டின் துறவற மடங்கள் கலைக்கப்பட்டதும் வேலை நின்றது. அப்போதைய ரசனைக்கு இடிபாடு என்பதே கவர்ச்சியாகத் தோன்றியதால் அப்படியே விட்டுவிட்டார்கள். 1864 முதல் உள்ளே ஒரு தொல்லியல் அருங்காட்சியகம் நடக்கிறது; அதில் பெருநாட்டு மம்மிகள் இரண்டு இருப்பது ஏன் என்று தொல்பொருள் சேகரிப்பாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

தேவாலயத்துக்கு முன்னுள்ள சிறிய சதுக்கம் வேறொரு காரணத்துக்காகவும் பேர்பெற்றது. 1974 ஏப்ரல் 25 அன்று, ஐரோப்பாவின் நீண்டகாலச் சர்வாதிகார ஆட்சிகளில் ஒன்றின் கடைசித் தலைவர் மார்செலோ கயெத்தானோ, இங்குள்ள காவற்படை முகாமுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார். சல்கெய்ரோ மயா என்ற இளம் படைத்தலைவரின் வண்டிகள் சதுக்கத்தைச் சூழ்ந்தன. மக்கள் வீரர்களின் துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் மலர்களைச் செருகினார்கள். மாலைக்குள் ஆட்சி கைமாறியது.

ரோசியோ சதுக்கத்தை ஒட்டிய சாவோ தொமிங்கோஸ் தேவாலயத்துக்குப் பயணிகள் அதிகம் வருவதில்லை. பலர் அதன் எதிரே ஆளுயரக் கடைகளில் விற்கும் புளிப்புச் செர்ரி மதுவை ஒரு கோப்பை அருந்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். பதிமூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இது 1531-இல் ஒரு நிலநடுக்கத்திலும் 1755-இல் அடுத்ததிலும் சிதைந்து, திரும்பக் கட்டப்பட்டு, 1959-இல் தீக்கிரையானது. 1994-இல் மீண்டும் திறந்தபோது தீயின் சேதத்தை மறைக்க அவர்கள் முற்படவில்லை. வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்த தூண்களும் கருகிய கற்களும் அப்படியே நிற்க, மேலே செம்மண் நிறத்தில் புதுக்கூரை. அனல் பட்ட சுண்ணாம்புக்கல் எப்படிப் பிளக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை. அதே தேவாலயத்தில்தான் 1506 ஏப்ரலில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்டிருந்த யூதர்கள்மீது பழிசுமத்தித் துறவிகள் சிலர் கூட்டத்தைத் தூண்டிவிட, நாட்கணக்கில் நீடித்த படுகொலை தொடங்கியது. இறந்தோர் சுமார் 2,000 பேர் என்பது பரவலான கணக்கு. வாசலில் 2008-இல் நிறுவப்பட்ட நினைவுக்கல்லைச் சுற்றி, ஆப்பிரிக்காவின் பழைய போர்ச்சுகீசியக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் மாலையில் கூடி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கிழக்கே, கோட்டைக் குன்றின் சரிவில் உள்ள அல்ஃபாமா வேறு உலகம். தாழ்நகரத்தின் களிமண்ணைப் போலன்றி இது கெட்டியான நிலம். அதனால் பெருமளவு தப்பியது. அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்து அமைப்பைத் தாங்கிய சந்துகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய படிகள், சன்னலுக்குச் சன்னல் உலரும் துணிகள். புகழ்பெற்ற 28-ஆம் எண் டிராம் இதன் விளிம்பில் வளைந்து ஏறுகிறது. பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி வண்டிக்குள்ளேயே எச்சரிக்கிறார்கள். 1147-இல் கிறித்தவர்கள் நகரைக் கைப்பற்றியதும் தொடங்கிய பேராலயத்தையும், உச்சியிலுள்ள சாவோ ஜோர்ஜ் கோட்டையையும் வேகமாகப் பார்த்து முடித்தோம். கோட்டையின் கம்பீரத்தில் பெரும்பங்கு 1938 முதல் 1940 வரை நடந்த புனரமைப்பின் கொடை என்று தெரிந்த பிறகு எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. அங்கே உலவும் மயில்கள் என் கணவருக்குப் பிடித்திருந்தன.

தப்பியவற்றில் என்னை அசரவைத்தது ஊருக்குள் வேறெங்கோ இருக்கிறது. ஐந்தாம் ஜோவாவ் மன்னர் 1731-இல் ஆணையிட்ட அகுவாஸ் லிவ்ரெஸ் என்ற நீர்ப்பாலம் அல்கந்தரா பள்ளத்தாக்கை 35 வளைவுகளால் கடக்கிறது. 941 மீட்டர் நீளம். மிக உயர்ந்த கூர்வளைவின் உயரம் சுமார் 65 மீட்டர். 1748-இல் நகருக்கு நீர் வந்தது, ஏழே ஆண்டுகளில் நிலம் குலுங்கியது, பாலம் விழவில்லை. பிரேசில் தங்கத்தில் திளைத்த அரசர் கட்டியது என்று எண்ணினால் அது சரியல்ல. இறைச்சி, ஒயின், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றின்மீது விதித்த வரியில் லிஸ்பன் மக்களே கொடுத்த பணம் அது. மனுவேல் தா மயாவும் மர்தெலும் இதில் பணியாற்றியவர்கள் என்பதைக் கவனித்தால், 1755-க்குப் பின் நகருக்குத் தேர்ந்த பொறியாளர்கள் உடனடியாகக் கிடைத்தது எப்படி என்பதும் விளங்கும். நீர்ப்பாலத்தின்மேல் நடந்து செல்ல அனுமதி உண்டு, கூட்டமே இல்லை.

பெலேமும் தப்பிய பகுதிதான். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனுவேல் மன்னர் எழுப்பிய ஜெரோனிமோஸ் மடத்துக்கான பணம், ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த வணிகத்தின்மீதான ஏறத்தாழ 5 விழுக்காடு வரியிலிருந்து வந்தது; வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதன் பலனை இங்கே கல்லில் பார்க்கலாம். நுழைவாயிலுக்கு அருகே அவருடைய கல்லறை. கயிறும் முடிச்சும் கடல்தாவரமுமாகச் செதுக்கிய தூண்களை எல்லோரும் படமெடுக்கிறார்கள்; நான் நின்றது குறுக்குக்கூடத்தின் விதானத்துக்குக் கீழே. 29 மீட்டருக்கு 19 மீட்டர் பரப்பை நடுவில் தூணே இல்லாமல் ஒரே கல் விதானத்தால் மூடியிருக்கிறார் ஜோவாவ் தெ காஸ்தில்யோ. அது 1755-ஐத் தாங்கியிருக்கிறது.

மடத்தின் ஒரு சிறகில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலின் அறியப்பட்ட ஒரே பிரதி அதன் சேகரத்தில் உள்ளது. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், வரிக்கு வரி போர்ச்சுகீசியப் பொருளுடன் அச்சிடப்பட்ட அந்தச் சிறுநூலை உருவாக்கியதில் வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமே தா குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர்கள் பெற்ற மூன்று தமிழர்களின் கை இருக்கிறது. கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாவதற்கு 24 ஆண்டுகள் முந்தையது இது. அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டிருந்ததால் வாசலோடு திரும்பினோம். நூலகங்களும் மடங்களும் எரிந்த நகரில் இந்த ஒரு பிரதி எஞ்சியதே பெரிது.

ஆற்றோரத்துப் பெலேம் கோபுரத்தில் தேடிப் பார்க்க வேண்டியது, காவல்கூண்டு ஒன்றின் அடியில் தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை. குஜராத் சுல்தானிடமிருந்து போர்ச்சுகீசியர் பெற்று 1515-இல் லிஸ்பனுக்குக் கப்பலேற்றிய விலங்கின் நினைவு அது. இக்கோபுரம் ஆற்றின் நடுவே இருந்ததாகவும் நிலநடுக்கம் ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டதாகவும் வண்டியோட்டிகள் சொல்வார்கள். கரை காலப்போக்கில் மேடாக்கி நிரப்பப்பட்டது என்பதே உண்மை. அருகிலுள்ள கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம் 1960-இல் சர்வாதிகார அரசு கட்டிய தற்பெருமை. ஐந்து நிமிடம் போதும்.

1837 முதல் கஸ்டர்ட் பலகாரம் விற்கும் கடையில் என் கணவர் அமர்ந்திருந்த வேளையில், நான் அருகிலிருந்த, உப்பிட்ட நிலம் என்று பெயர்பெற்ற குறுகிய சந்து ஒன்றைத் தேடிப் போனேன். 1758 செப்டம்பரில் அரசரைச் சுட முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட உயர்குடியினரை, அடுத்த ஜனவரியில் பெலேமில் குரூரமாகக் கொன்றார்கள். அவெய்ரோ பிரபுவின் மாளிகையைத் தரைமட்டமாக்கி, அங்கு எதுவும் முளைக்கக்கூடாதென்று மண்ணில் உப்பைத் தூவி, என்றைக்கும் யாரும் கட்டக்கூடாது என்ற சாசனத்துடன் வளையங்கள் சூழ்ந்த கல்தூண் ஒன்றை நட்டார்கள். இதற்குப் பின்னாலிருந்த கையும் பொம்பாலுடையதே. பைஷாவின் கூண்டுகளை வியந்த கையோடு இந்தத் தூணையும் பார்க்காமல் அந்த மனிதரைப் பற்றி முடிவுக்கு வரக்கூடாது. தூணைச் சுற்றி இன்று வீடுகள் நெருக்கிக் கட்டப்பட்டுவிட்டன. ஆணையை எவரும் பொருட்படுத்தவில்லை.

அழிவதற்கு முந்தைய லிஸ்பன் எப்படி இருந்தது என்பதை அறிய, கிழக்கே பழைய மாத்ரெ தெ தெயுஸ் மடத்திலுள்ள அசுலேஜோ எனப்படும் மெருகிட்ட சுவர் ஓடுகளின் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். 1700-ஐ ஒட்டி நீல வெள்ளை ஓடுகளில் தீட்டிய 23 மீட்டர் நீள நகரக் காட்சி அங்கு ஒரு சுவரை நிறைத்திருக்கிறது. ரிபெய்ரா அரண்மனையும், கப்பல் கட்டும் தளமும், கூரையோடு கூடிய கார்மோவும், சந்தைப் பெண்களும் வரிசையாக வருகிறார்கள். நேராய் ஓடும் பைஷா இருக்க வேண்டிய இடத்தில் கூரைகள் ஒன்றையொன்று ஏறி மிதிக்கின்றன. நகரைச் சுற்றிய பிறகு இதைப் பார்த்ததால், எது எங்கே போயிற்று என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது. முதல் நாளே இங்கு வந்திருந்தால் வெறும் படமாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக அஜுடா. நிலநடுக்கத்துக்குப் பின் ஜோசே மன்னர் கல் கூரைக்கு அடியில் உறங்க அஞ்சினார். பெலேமுக்கு மேலுள்ள இந்தக் குன்றில் முதலில் கூடாரங்களும், பிறகு மரத்தாலான பெரிய அரண்மனையும் அவருக்காக எழுந்தன. உள்ளே எத்தனை ஆடம்பரம் இருந்தாலும் மக்கள் அதை அரச கொட்டகை என்றே அழைத்தார்கள். அவர் சாகும்வரை அங்குதான் வாழ்ந்தார். நிலநடுக்கம் தொடாத அந்த மர அரண்மனை 1794-இல் எரிந்துபோனது. அடுத்து கல்லில் தொடங்கிய அரண்மனை முடிவதற்குள் 1807-இல் நெப்போலியன் படை வர, அரச குடும்பம் பிரேசிலுக்குக் கப்பலேறியது; பிறகு பணமும் ஆர்வமும் போதவில்லை; 1910-இல் முடியாட்சியே முடிந்தது. மேற்குச் சிறகு வெட்டுப்பட்ட சுவராக இரண்டு நூற்றாண்டுகள் நின்றது. 2021-இல்தான் அதைக் கட்டிமுடித்து, மறு ஆண்டு அரச நகைகளின் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய முகப்பின் தொடர்ச்சியாகப் போலி வேலைப்பாடு எதையும் செய்யாமல், செங்குத்தான வெளிர்நிறப் பட்டைகளால் புதிய சுவரை மூடியிருக்கிறார்கள். அலுவலகக் கட்டடம்போல் இருக்கிறது என்பது என் கணவரின் கருத்து. பழைய கல்லும் புதிய பட்டைகளும் சந்திக்கும் மூலையில் இணைப்பை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நான் வெகுநேரம் பார்த்தேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள்.